சீவுளியும் உடைமையும்: மலையகக் கைவினை மதிப்பீடு பற்றிய ஒரு நோக்கு

1

கைவினை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் செய்து முடிக்கப்பட்ட பொருளையே நோக்குவர். அப்பொருளைச் செய்யப் பயன்பட்ட கருவி அவர்தம் கண்ணுக்கு அகப்படுவது அரிது. தூணின் வேலைப்பாட்டை விதந்து கூறுவோர் பலர். அத்தூணை இழைத்த கருவியின் மேல் ஏதேனும் சித்திரம் செதுக்கப்பட்டிருந்ததா, இருந்தால் அதனைச் செதுக்கியவன் யாருக்காகச் செதுக்கினான் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயின் அலங்காரத்தின் இயல்பை அறிய விழைவோருக்குக் கருவியே சிறந்த சான்று என்பது எமது கருத்து. விற்பனைக்குரிய பொருளில் அமையும் அலங்காரம் வாங்குவோனின் விருப்பத்தைக் காட்டக்கூடும். கருவியில் அமையும் அலங்காரமோ அதனைக் கையாள்வோனுக்கும் அவன் தொழிலுக்கும் உள்ள உறவைக் காட்டுவது.

இக்கட்டுரையில் மரவேலைக் கருவிகளுள் ஒன்றாகிய கைச்சீவுளியை எடுத்துக்கொள்கிறோம். சீவுளிக் கட்டையிற் செதுக்கப்படும் அலங்காரம் எதனை உணர்த்துகின்றது என்பது முதல் வினா. நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் பட்டறைக் கருவிகள் அலங்காரமற்று இருந்தமையைக் கொண்டு அங்கு வாழும் தமிழ் மக்களின் கைவினையுணர்வு பற்றி முடிவு கூறலாமா என்பது இரண்டாவது வினா. மலைநாட்டுக் கலைவரலாறு எழுதப்பட்ட முறையிலேயே இவ்வினாக்களுக்கான விடை தங்கியுள்ளது. ஆதலின் அவ்வரலாற்றின் முதனூலையும் மீள நோக்குதல் வேண்டும்.

2

இக்கருவிக்கு ஈழத்திற் சீவுளி என்றும் தமிழகத்தில் இழைப்புளி என்றும் பெயர் வழங்கும். இரண்டு சொற்களும் உளி என்பதையே ஈற்றிற் கொண்டிருத்தல் கவனிக்கத்தக்கது. வடநாட்டில் வழங்கும் ரந்தா என்ற பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. தமிழ்ப் பெயர்களோ கருவியின் அமைப்பையே பொருளாகக் கொண்டவை: மரக்கட்டையொன்றிற் சாய்வாகப் பதித்து ஆப்பால் இறுக்கப்பட்ட உளியே சீவுளி. உரோமர் இதனை அறிந்திருந்தனர் என்பதற்குக் கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பேயிற் கிடைத்த சீவுளிகள் சான்றாகும்.

சீவுளியின் உறுப்புகளை நோக்கினால், அலங்காரத்திற்கு அதில் எவ்வளவு குறைந்த இடமே உண்டு என்பது புலனாகும். அடிப்பாகம் பலகையோடு உராய்ந்து செல்வது. அங்கே ஒரு கீறலும் ஆகாது. சீவல் வெளிவரும் வாய் ஒடுங்கி நேராக இருத்தல் வேண்டும். அகன்றால் மரநார் பிய்ந்தெழும். பக்கங்கள் சில வேலைகளிற் சட்டத்தின் ஓரத்தைச் சார்ந்து ஓடுவன. எனவே அங்கே புடைப்பு வேலைக்கு இடமில்லை. கை பற்றும் இடங்களிற் கூர்மையான செதுக்கல் உள்ளங்கையைப் புண்ணாக்கும். எஞ்சுவன கட்டையின் முன்நெற்றி, மேல் ஓரங்கள், ஆப்பின் தலை, கைப்பிடியின் வளைவு, அலகு செருகும் குழியின் இரு தோள்கள் என்பனவே.

நல்ல சீவுளி அலங்காரத்தை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் இதிலிருந்தே பெறப்படும். தொழில் விட்டுக்கொடுத்த இடத்தில் மட்டும் சித்திரம் அமைந்துள்ளதா? ஓரத்தைச் சரித்து வெட்டியது கைக்கு இதமாகவும் கண்ணுக்கு இனிமையாகவும் ஒருங்கே அமைந்துள்ளதா? ஆம் எனின் அது கருவியோடு ஒன்றிய அலங்காரம். அன்றெனின் அது கருவியின் மேல் ஏற்றிவைத்த சுமை.

வேறொன்றும் கருதத்தக்கது. மரச்சீவுளியின் அடி உழைப்பால் தேயும். தச்சன் அதனை மீண்டும் மீண்டும் சீவி மட்டமாக்குவான். அவ்வாறு சீவுந்தோறும் கட்டை தேய்ந்து வாய் அகலும். அகன்ற வாய்க்குத் துண்டு பதித்துச் சில காலம் ஓட்டுவான். அதன்பின் பழைய அலகைப் புதிய கட்டையில் ஏற்றிவிட்டுப் பழைய கட்டையை அடுப்புக்கு இடுவான். இரும்பு நிலைப்பதும் மரம் அழிவதுமே வழக்கம். சித்திரம் செதுக்கப்படுவதோ அழியும் அந்த மரத்தில். தன் ஆயுட்காலத்துள்ளேயே தேய்ந்து போகும் ஒன்றில் ஒருவன் பொழுதைச் செலவிட்டுக் கொடியும் மலரும் செதுக்குவானாயின், அவன் அதனைத் தன்னுடையதாகக் கருதினான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

3

இவ்வகைச் சீவுளிகள் மிகுதியாகக் கிடைப்பது ஒல்லாந்திலிருந்தாகும். 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒல்லாந்தச் சீவுளிகள் பலவற்றிற் குழியின் தோள்களிற் சுருள் வேலையும், நெற்றியில் இலைக்கொத்தும், செய்யப்பட்ட ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. மேலே கூறிய அளவுகோலுக்கு அவை பெரும்பாலும் பொருந்துவன. சித்திரம் கைக்கும் வேலைக்கும் இடையூறு செய்யாத இடத்திலேயே நிற்கின்றது. அவற்றுட் பல நன்கு உழைத்துத் தேய்ந்தவை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு மாறானது அரசவைக் கருவி. சாக்சனியை 1553 முதல் 1586 வரை ஆண்ட ஆகஸ்ட் என்பான் டிறெஸ்டனில் அமைத்த கலைக்கூடத்தின் 1587 ஆம் ஆண்டுப் பட்டியலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பொருள்கள் இடம்பெற்றன. அவற்றுட் பெரும்பகுதி கருவிகளே. தானே கடைசல் வேலையில் ஈடுபட்டவனாயினும், அவனுக்காகச் செய்யப்பட்ட கருவிகளின் நுண்ணிய பொறிப்பு தொழிலை அன்றி அவனது ஆட்சிச் சிறப்பையே எடுத்துக்காட்டிற்று. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சேகரிப்போருக்கெனச் செய்யப்படும் பூவேலை பொறித்த உலோகச் சீவுளிகளும் இவ்வழியிலேயே வருவன. வேலைப்பாட்டில் அவை குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றிற் பல ஒரு பலகையையும் சீவாமற் கண்ணாடிப் பேழையிற் கிடப்பன.

மூன்றாவது வகை பிரித்தானியாவுக்குரியது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கே சீவுளி செய்தல் தனித் தொழிலாயிற்று. செய்தவனின் பெயர் கட்டையின் முன்முகத்தில் அச்சுக்குத்தப்பட்டது. அலங்காரமோ ஓரச் சரிவு என்ற அளவோடு நின்றது. ஆயின் வாங்கிய தச்சன் தன் பெயரையும் அதே முகத்திற் குத்திக்கொண்டான். அவனிடமிருந்து பெற்றவன் தன் பெயரை அதன் அருகிற் குத்தினான். இவ்வாறு இரண்டு மூன்று பெயர்கள் வரிசையாகப் பதிந்த பிரித்தானியச் சீவுளிகள் பல உள. கொடியும் மலரும் மறைந்தபோதும் உடைமைப் பெயர் மறையவில்லை.

நான்காவது வகை ஆலைக்குரியது. 1870களில் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்லி நிறுவனம் வெளியிட்ட, மில்லர் என்பாரின் காப்புரிமை பெற்ற, காடி வெட்டும் இரும்புச் சீவுளியின் உடலெங்கும் மலர்க்கொடி ஓடும். அக்கொடி எவர் கையாலும் செதுக்கப்படவில்லை. வார்ப்பு அச்சிலேயே அமைந்தது. ஆயிரம் கருவிகளிலும் ஒரே கொடி, ஒரே இலை. அலங்காரம் அங்கே உண்டு. அதனை ஆக்கிய உழைப்பாளியின் விருப்பம் இல்லை.

ஜப்பானியச் சீவுளி இவற்றினின்றும் வேறானது. அதன் மரக்கட்டை முற்றிலும் வெறுமையானது. அலகின் முகத்திலோ கருமானின் பெயரும், சிலவேளை அலகுக்கென அவன் இட்ட தனிப்பெயரும் பொறிக்கப்படும். தோக்கியோவில் வாழ்ந்த சியோசுறு கொறேகிதே (1874–1957) என்ற கருமானின் அலகுகள் இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றவை. தேயும் மரத்தை விட்டு நிலைக்கும் இரும்பைத் தேர்ந்தமை ஒரு வகை அறிவே.

அலங்காரம் பற்றிய ஐரோப்பியச் சிந்தனையில் இருவர் எதிரெதிராக நிற்கின்றனர். 1853 இல் கொதிக் கலை பற்றி எழுதிய ரஸ்கின், அலங்காரத்தில் உழைப்பாளியின் சுதந்திரத்தையும் மகிழ்ச்சியையும் கண்டார். 1910 இல் வியன்னாவில் விரிவுரையாற்றிய அடொல்ப் லூஸ், அலங்காரத்தை வீணான உழைப்பு என்றும் நாகரிக வளர்ச்சிக்குத் தடை என்றும் இழித்துரைத்தார். ஒருவர் குறையற்ற ஒழுங்கை வற்புறுத்தும் வேலையில் அடிமைத்தனத்தைக் கண்டார். மற்றவர் அலங்காரமின்மையில் முன்னேற்றத்தைக் கண்டார். கருவி எவருடையது என்ற வினாவை இருவரும் முதன்மைப்படுத்தவில்லை. மேலே கூறிய வகைகளை ஒருங்கு வைத்து நோக்கும்போது அவ்வினாவே அடிப்படையானது என்பது தெளிவாகும். ஒல்லாந்தத் தச்சன் செதுக்கினான். பிரித்தானியத் தச்சன் பெயர் குத்தினான். இருவரும் தம் கருவிக்கு உரியவர்கள்.

4

மலைநாட்டுக் கைவினை பற்றிய முதற்பெரும் ஆராய்ச்சி ஆனந்த குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூல் ஆகும். 1877 இற் கொழும்பிற் பிறந்து, இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்று, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை கடமையாற்றியவர் அவர். கற்களைத் தேடி மலைநாடெங்கும் அலைந்த காலத்திலேயே கைவினைஞரையும் தேடிச் சென்றார். 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றுதற்கும் காரணராயினார். அவர் நூல் 1907 செப்ரெம்பருக்கும் 1908 டிசெம்பருக்கும் இடையே இங்கிலாந்திற் கையால் அச்சிடப்பட்டது. 425 பிரதிகளே வெளிவந்தன. வில்லியம் மொறிஸ் தமது கெம்ஸ்கொற் அச்சகத்திற் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அது அச்சாயிற்று. கைவினை பற்றிய நூல் கைவினையாகவே வெளிவரவேண்டும் என்ற கொள்கையுறுதி பாராட்டுக்குரியது.

அந்நூலின் சிறப்பு, அலங்காரத்தை அது சமூக அமைப்பிலிருந்து பிரிக்காமையாகும். கண்டி இராச்சியத்துக் கைவினைஞன் தன் தொழிற் சேவைக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தான். தன் வயலின் நெல்லை உண்டு, அவசரமின்றித் தொழில் செய்தான். பாக்குவெட்டியிலும் எழுத்தாணியிலும் பெட்டியிலும் வாளின் பிடியிலும் படர்ந்த கொடிகளின் வேர் அந்த நிலத்தில் இருந்தது என்பதை இந்நூலே எமக்குக் கற்பித்தது. கைவினைஞரிடையே நிலவிய தென்னிந்தியத் தொடர்பும் மலைநாட்டில் நன்கறியப்பட்ட ஒன்றே. பேராதனைக்கு அண்மையிலுள்ள கடலாதெனியா விகாரையை 1344 இல் அமைத்தவர் கணேசுவராசாரியார் எனப்படும் தென்னிந்தியச் சிற்பாசிரியர். அதே ஆண்டில் எழுந்த இலங்காதிலக விகாரையின் பாறைச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது. கம்பளைக் காலத்து எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில் மல்லரும் அன்னங்களும் இருதலைப் புள்ளும் இன்றும் காணக் கிடைக்கின்றன. மலைநாட்டுத் தச்சுக்கலை ஒரு மொழியினருக்கு மட்டும் உரியதாக என்றும் இருந்ததில்லை.

எனினும் அந்நூல் மேற்கொண்ட எல்லை எமது கவனத்துக்குரியது. 18 ஆம் நூற்றாண்டில் எஞ்சி நின்ற கலையே தமது பொருள் என அதன் துணைத்தலைப்பிலேயே ஆசிரியர் வரையறுத்துவிட்டார். அவர் நடந்து திரிந்த மலைகளோ அப்போது தேயிலையால் மூடப்பட்டிருந்தன. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், 1869 இற் கோப்பியை நோய் பற்றிய பின்னர் மத்திய மலைநாட்டை முழுமையாகக் கைக்கொண்டது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் முதன்முறையாகத் தனியே கணக்கிடப்பட்டபோது அவர்தொகை 5 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவருட் பெரும்பாலார் தோட்ட மக்கள். கண்டியக் கைவினைஞனின் நிலமும் தோட்டத் தொழிலாளியின் நிலமின்மையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பயிரிடப்படாத காணிகளை முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தது. அக்காணிகளிலேயே தோட்டங்கள் எழுந்தன. பழைய கைவினையின் வீழ்ச்சிக்கு வருந்திய குமாரசுவாமி, அந்த வீழ்ச்சியின் மேல் எழுப்பப்பட்ட புதிய தொழிலமைப்பில் உழைத்த கைகளை நோக்கித் தமது ஆய்வைத் திருப்பவில்லை. அவரைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. அவர் வகுத்த எல்லையைப் பின்வந்தோர் மலைநாட்டுக் கலையின் எல்லையாகவே கொண்டமைதான் குறைபாடு. நிலத்துக்கும் அலங்காரத்துக்கும் உள்ள தொடர்பை அவரே காட்டித்தந்தார். அக்கொள்கையை அவர் செல்லாத இடத்துக்கு எடுத்துச் செல்லுதல் நம் கடன்.

5

தோட்டத்தில் மரவேலைக்குக் குறைவிருக்கவில்லை. தொழிற்சாலையின் வாட்டு மாடிகள், லயங்களின் கதவு நிலைகள், பங்களாவின் தளபாடங்கள் யாவும் தச்சர் கைபட்டவை. இவ்வேலைகளில் தமிழ் ஆசாரிமாரோடு மொறட்டுவையிலிருந்து மலையேறிய சிங்களத் தச்சரும் ஈடுபட்டனர். தேயிலைப் பெட்டிக்கு முதலில் உள்ளூர் மரமும், பின்னர் ஜப்பானியப் பலகையும், அதன்பின் ஐரோப்பிய ஒட்டுப்பலகையும் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கிந்தோட்டையில் அரசு ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது. பலகையறுத்துச் சீவிப் பெட்டி செய்த தொழில், வந்த தகடுகளைப் பொருத்தி ஆணியடிக்கும் தொழிலாகச் சுருங்கிற்று. 20 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கடதாசிப் பைகள் பெட்டியின் இடத்தையும் பெரிதும் பற்றிக்கொண்டன.

இத்தோட்ட உலகில் எழுத்தும் பொறிப்பும் இல்லாமலில்லை. ஆயின் அவை எங்கே இருந்தன என்பதே வினா. ஒவ்வொரு தேயிலைப் பெட்டியின் முகத்திலும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், நிறை, தொடரிலக்கம் ஆகியன அச்சுத்தகடு வைத்து மையால் எழுதப்பட்டன. டன்சினன், ஹொலிரூட், அபட்ஸ்லி என அத்தோட்டப் பெயர்கள் கடல் கடந்த நாட்டிலிருந்து வந்தவை. தொழிலாளரோ அத்தோட்டங்களுக்குத் தம் வழக்கில் வேறு தமிழ்ப் பெயர்கள் இட்டு வழங்கினர். பெட்டியின் மேல் ஏறியது அவர்கள் இட்ட பெயர் அன்று.

இதனினும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. 1901 இல் தகர டிக்கற் முறை நடைமுறைக்கு வந்தது. தமிழகத்திலிருந்து ஆட்கட்டப்பட்டு வந்த ஒவ்வொருவருக்கும் தோட்டத்தின் பதிவிலக்கமும் ஆளின் இலக்கமும் குத்தப்பட்ட தகரத் துண்டு ஒன்று வழங்கப்பட்டது. அதனை அணிந்தவரைப் புகைவண்டியும் கப்பலும் உரிய தோட்டத்தில் இறக்கிவிட்டன. செலவு தோட்டத்தின் கணக்கிற் பற்றெழுதப்பட்டது. தோட்டம் அதனைக் கடனாகக் கங்காணி வழியே தொழிலாளரின் மேல் ஏற்றியது. கண்டியக் கைவினைஞரைத் தேடிக் குமாரசுவாமி மலையேறிய அதே ஆண்டுகளில், அம்மலைகளுக்கு வந்தோரின் கழுத்தில் இத்தகரம் தொங்கிற்று. பிரித்தானியத் தச்சன் தன் சீவுளியிற் குத்திய பெயரும் இத்தகரத்திற் குத்திய இலக்கமும் ஒரே செயலின் எதிர்த்திசைகள். அங்கே மனிதன் தன் கருவியை அடையாளமிட்டான். இங்கே நிறுவனம் தனக்குரிய கருவியாக மனிதனை அடையாளமிட்டது.

பட்டறையிற் பயன்பட்ட சீவுளியும் வாளும் தோட்டத்தின் சொத்து. 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பனியிலிருந்து அரசுக்கும் அரசிலிருந்து மீண்டும் கம்பனிக்கும் பட்டறை கைமாறியது. எம்மாற்றத்திலும் அது தச்சனின் கைக்கு வரவில்லை. லயத்துக் காம்பராவும் அத்தகையதே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையிற் பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோர் பிரசாவுரிமை பெற்ற ஒரு சமூகத்தினர், நாளை தமக்கு உரியதாக இருக்குமோ என்ற ஐயத்தோடு பற்றிய கருவியிற் கொடியும் மலரும் செதுக்கவில்லை என்பதில் வியப்பதற்கு யாதுமில்லை. அங்கே சித்திரம் இல்லாமை இரசனையின் குறைபாடு அன்று, உடைமையின் குறைபாடு.

6

இம்முடிவை மறுதலையாகவும் சோதித்தல் வேண்டும். உடைமை இருந்த இடத்தில் அலங்காரம் இருந்ததா என்று நோக்குவோம்.

வெற்றிலை போடும் வழக்கம் தோட்டமெங்கும் பரந்தது. பாக்குவெட்டி தனியொருவரின் சொந்தக் கருவி. தாயிடமிருந்து மகளுக்கு வருவது. தமிழரிடை வழங்கிய பாக்குவெட்டிகளிற் கிளியும் மயிலும் குதிரையும் உருவாய் அமைந்தன. மடியிற் செருகிச் செல்லத்தக்க அச்சிறு இரும்புக்குக் கிடைத்த அலங்காரம், பட்டறையின் பெரிய சீவுளிக்குக் கிடைக்கவில்லை.

சமூகத்துக்குப் பொதுவாக உரியவற்றை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். காவடியின் வளைந்த தண்டு, தோட்டத்து மாரியம்மன் கோயிலின் சப்பரம், காமன் கூத்திலும் அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கர் கூத்திலும் அணியப்படும் முடிகளும் புயகட்டைகளும் மலையகத் தமிழர் தமக்கென ஆக்கியவை. வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் மெல்லிய பலகையும் கொண்டு அமையும் இவ்வேலைப்பாட்டில் ஒடுக்கம் இல்லை, நிறைவே உண்டு. பகலில் வெறுமையான சீவுளியைப் பிடித்த கைகள் இரவில் கூத்துக்குரிய முடியைச் சித்திரித்தன எனின், அக்கைகளுக்கு அலங்காரம் தெரியாது என்று எவ்வாறு கூற இயலும்?

பட்டறைக் கருவிக்கும் ஆண்டில் ஒரு நாள் அலங்காரம் உண்டு. ஆயுத பூசையன்று சீவுளியும் உளியும் கவ்வாத்துக் கத்தியும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. தொழிற்சாலையின் இயந்திரங்களும் மாலை சூடுகின்றன. கருவி தோட்டத்துக்கு உரியதாயினும் அதனால் வரும் பிழைப்பு தமக்கு உரியது என்பதே இவ்வழிபாட்டின் பொருள். மறுநாட் காலையில் வேலை தொடங்கியதும் பொட்டு அழிந்துபோகும். உடைமையற்றோர் கருவிக்கு இடக்கூடிய அலங்காரம் அதுவே: துடைத்தால் மறையக்கூடியது, எவரது சொத்தையும் சேதப்படுத்தாதது. இதனைச் சமயச் சடங்கு என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடாமல் கைவினை வரலாற்றின் பகுதியாகவும் கருதுதல் பொருத்தமாகும்.

உடைமை ஒன்றே அலங்காரத்தை விளைவிக்கும் என்று நாம் கூறவில்லை. ஜப்பானியத் தச்சன் தன் சொந்தச் சீவுளிக் கட்டையை வெறுமையாகவே வைத்தான். அது மரபு சார்ந்த தேர்வு. தேர்ந்து வெறுமையாக வைத்தலும், தேரும் உரிமையின்றி வெறுமையாக இருத்தலும் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும். அவற்றை வேறுபடுத்திக் காண்பதே திறனாய்வாளனின் பணி. லூஸ் போன்றோரின் கொள்கை வழிநின்று தோட்டக் கருவியின் வெறுமையைத் தூய்மையான அழகு எனப் போற்றுதலும் இக்காரணத்தால் ஏற்புடையதன்று.

7

மலையகத்தின் பொருட்சான்றுகள் இன்று இருவகை நிறுவனங்களிற் பேணப்படுகின்றன. 1925 இற் கட்டப்பட்ட அந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001 இல் நூதனசாலையாக மாற்றப்பட்டது. அங்கே அரைக்கும் இயந்திரங்களும் உலர்த்திகளும் ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களும் சிறப்பிடம் பெறுகின்றன. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்துக் காம்பராக்களிலேயே, 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அமைக்கப்பட்டது; அங்கே தொழிலாளரின் வேலைக் கருவிகளும் வீட்டுப் பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன. முன்னது தேயிலையின் வரலாறு; பின்னது தேயிலையை ஆக்கியவர் வரலாறு. ஆராய்ச்சியாளர் இரண்டையும் ஒப்புநோக்கிக் கற்றல் வேண்டும்.

மலையக மக்களின் பாடல்களைத் திரட்டும் பணியில் ஸி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் ஈடுபட்டு, வாய்மொழி இலக்கியம் அழியாது காத்தனர். பாட்டுக்குக் கிடைத்த அக்கவனம் கருவிக்கும் கிடைத்தல் வேண்டும். பாட்டைப் பதிவோர் பாடியவர் யார், எவ்வேளையிற் பாடப்பட்டது என வினவிக் குறிப்பர். கருவியைப் பதிவோரும் அவ்வாறே செய்தல் வேண்டும். கட்டை என்ன மரம், அலகு எங்கிருந்து வந்தது என்பவற்றோடு அமையாது, அது எவர் பணத்தில் வாங்கப்பட்டது, மாலையில் எவர் வீட்டிற்கு அல்லது எந்தக் களஞ்சியத்திற்குச் சென்றது, அதன்மேல் யாருடைய பெயர் உள்ளது என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். பழைய ஆசாரிமாரின் குடும்பங்களில் எஞ்சியுள்ள சொந்தக் கருவிகள் முதலிற் பதிவுபெற வேண்டியவை. ஈரமும் கறையானும் மலைநாட்டில் மரத்தை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை.

இப்பணி கலைவரலாற்றின் எல்லைக்குள் மட்டும் அடங்குவதன்று. ஒரு மக்களிடம் கைவினை மரபு இல்லை என்று எழுதப்பட்டுவிட்டால், அவர்கள் இம்மண்ணில் உழைத்தனரேயன்றி எதனையும் ஆக்கவில்லை என்ற கருத்து நிலைபெறும். ஆக்காதோருக்கு மண்ணில் உரிமை எதற்கு என்ற வாதம் அதன் பின்னால் எளிதில் வந்து நிற்கும். காணியுரிமையும் வீட்டுரிமையும் இன்றும் முழுமையாகத் தீராத வினாக்களாக உள்ள மலையகத்தில், அலங்காரம் பற்றிய கவனக்குறைவான மதிப்பீடு ஒன்று எத்தகைய தீங்கு செய்யும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலின், மலையகக் கருவியொன்றைக் கையில் எடுக்கும் மாணவர் அதில் அழகு உண்டா என்று கேட்பதன் முன்னர் அது எவருடையது என்று கேட்பாராக. முதல் வினாவுக்கான விடை இரண்டாவது வினாவில் அடங்கியிருத்தலை அவர் காண்பார்.